வாய்தாவுக்கு முன் ஒரு வாய்தா

கோவை காந்திபுரத்தில் இருக்கும் என் ஆபீசுக்கு கூகுள் மேப்பில் ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். கீழே இருக்கும் பேக்கரிக்கு நாலரை. ஒருநாள் மத்தியானம் வேலை குறைவாக இருந்தபோது, ஒற்றை நட்சத்திரம் குத்தியவர்கள் யார் யார் என்று ஜூனியரைப் பார்க்கச் சொன்னேன். ஒருவர்கூட என் கட்சிக்காரர் இல்லை. அத்தனை பேரும் எதிர்த்தரப்பு. "பொய் நோட்டீஸ் விடும் வக்கீல், யாரும் போகாதீர்கள்" என்று ஒருவர் மனம்விட்டு எழுதியிருந்தார். அந்த நோட்டீசுக்குச் சொந்தக்காரரான என் கட்சிக்காரரிடம் அதைக் காட்டினேன். "இந்த அளவுக்கு எரியுதுன்னா நோட்டீஸ் நல்லாப் புடிச்சிருக்குதுங்க" என்று குளிர்ந்துபோய், பாக்கி ஃபீசையும் கொடுத்துவிட்டுப் போனார்.

வக்கீல் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் 36-வது விதி. பெயர்ப் பலகைகூட நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும். 2008-ல் கொஞ்சம் இறங்கிவந்து, இணையதளத்தில் பெயர், முகவரி, படிப்பு, எந்த மாதிரி வழக்கு நடத்துகிறார் என்ற அளவுக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். ஆக, என்னைப் பற்றி நானே நல்லதாக ஒரு வரி எழுதினால் ஒழுங்கு நடவடிக்கை வரும். எதிராளி என்னைப் பற்றி நாலு பத்தி எழுதலாம். அவருக்கு விதி எதுவும் கிடையாது. என் சீனியரின் பலகை ஓரடி அகல மரத்துண்டு. எழுத்து இன்னும் பெரிதாக இருக்கலாமே என்று கேட்டதற்கு, "தேடி வர்றவனுக்கு இது போதும். தேடாதவன் வந்து என்ன பண்ணப் போறான்?" என்றார்.

அவரிடம் நான் ஜூனியராகச் சேர்ந்தது எண்பதுகளின் நடுவில். கோர்ட் இருப்பது கலெக்டர் ஆபீசை ஒட்டி. வக்கீல்கள் பெரும்பாலும் கோபாலபுரத்திலோ ராம் நகரிலோ அறை பிடிப்பார்கள். இவர் மட்டும் காந்திபுரத்தில், கடை மாடியில், எந்நேரமும் ஹாரன் சத்தத்துக்கு நடுவே இருந்தார். காரணம் ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது: பஸ் ஸ்டாண்ட். அன்னூர், புளியம்பட்டி, அவிநாசி, கோபி என்று எங்கிருந்து கிளம்பினாலும் இறங்கும் இடம் காந்திபுரம். "கட்சிக்காரன் பஸ்ஸை விட்டு இறங்குனதும் நம்ம படி தெரியோணும். இன்னொரு பஸ் ஏற வெச்சா அதுல வர்ற எவனாவது வேற வக்கீல் பேரைச் சொல்லிப்போடுவான்." 36-வது விதியை மீறாமல் செய்யக்கூடிய ஒரே விளம்பரம் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. 2017-ல் மேம்பாலம் திறந்தார்கள். அதன் பிறகு கட்சிக்காரர்கள் காரில் வந்து என் தலைக்கு மேலே போய்விடுகிறார்கள். "பாலத்து மேல இருக்கறனுங்க, எங்கீங்க இறங்கறது?" என்று போன் வரும். இறங்கித் திரும்பி வருவதற்குள் ஒருவழிப்பாதை அவர்களைக் கிராஸ்கட் ரோடு முழுக்கச் சுற்றிக் காட்டிவிடும்.

ஃபீஸ் அன்று தொகையாக வராது, பருவமாக வரும். "மஞ்சள் வித்ததும் தாரனுங்க" என்பார்கள். ஈரோட்டு மண்டியில் மஞ்சள் விலை இறங்கினால் காந்திபுரத்தில் என் சம்பளம் தள்ளிப்போகும். நடுவில் முருங்கைக்காய், நாட்டுச் சர்க்கரை, இளநீர்க் குலை எல்லாம் மாடியேறி வரும். இவை எதுவும் கணக்கில் வரவு வைக்கப்படுவதில்லை என்று இரு தரப்புக்கும் தெரியும். இன்று மேஜை மேல் க்யூஆர் அட்டை நிற்கிறது. மளிகைக் கடையில் வைத்திருப்பதுபோல, பணம் வந்ததை உரக்கச் சொல்லும் பெட்டி ஒன்றையும் வாங்கிவைக்கலாம் என்று ஜூனியர் யோசனை சொன்னார். கணவன் மேல் ஜீவனாம்ச வழக்குப் போட வந்த பெண் அழுதுகொண்டிருக்கும்போது அந்தப் பெட்டி "ஐந்தாயிரம் ரூபாய் பெறப்பட்டது" என்று சொல்வதை நினைத்துப் பார்த்து மறுத்துவிட்டேன்.

இனி, இத்தனையும் எதற்குச் சொன்னேனோ அந்த விஷயம். அன்று ஒரு வக்கீல் நோட்டீஸ் எப்படிப் பிறந்தது என்பதை இன்றைய ஜூனியர்களுக்குச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கொதித்துக்கொண்டு வருவார். பொதுக் கிணறு. அண்ணனுக்கு மூணு நாள் மொறை, தம்பிக்கு மூணு நாள் மொறை. மோட்டார் சர்வீஸ் தம்பி பேரில் இருக்கிறது. தம்பி ஃபியூசைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். "இன்னிக்கே நோட்டீஸ் விடோணுங்க. இல்லீன்னா வெட்டுக்குத்து ஆயிருமுங்க." சீனியர் பேனா மூடியைக்கூடத் திறக்க மாட்டார். "விட்டுறலாமுங்க. மூலப் பத்திரம் எங்க இருக்குது?" மூலப் பத்திரம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அம்மா இருப்பது தம்பி வீட்டில். ஆக, தம்பிக்கு நோட்டீஸ் விட முதலில் தம்பி வீட்டுக்குப் போக வேண்டும். போனால் சோறு திங்காமல் அம்மா அனுப்ப மாட்டாள்.

பத்திரம் கிடைத்தாயிற்று என்று வந்தால் அடுத்தது வில்லங்கச் சான்று. சார்பதிவாளர் ஆபீசில் மனுப் போட்டு, தேடுதல் கட்டணம் கட்டி, முப்பது வருஷத்துப் பேரேடுகளை அவர்கள் புரட்டிக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதுபவருக்குக் காய்ச்சல் வந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். பிறகு சீனியர் வரைவு எழுதுவார். டைப்பிஸ்ட் ரெமிங்டனில் கார்பன் வைத்து நாலு காப்பி அடிப்பார். ஒரு வரி மாற வேண்டுமென்றால் பக்கம் முழுக்க மறுபடி அடிக்க வேண்டும். அதனால் "அயோக்கியத்தனமாக" என்று எழுதலாமா, "சட்டவிரோதமாக" என்பதோடு நிறுத்தலாமா என்று முதலிலேயே யோசித்தாக வேண்டும். கடைசியில் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால்.

அதற்குள் மாரியாத்தா நோம்பி வந்துவிடும். அல்லது ஊரில் ஒரு எழவு விழும். அண்ணனும் தம்பியும் ஒரே பந்தலில் உட்கார நேரும். தாய்மாமன் இருவரையும் பக்கத்தில் கூப்பிட்டு நாயம் பேசுவார். அடுத்த வாரம் அண்ணன் மாடியேறி வந்து, கண்ணைப் பார்க்காமல், "அது பேசி முடிச்சுட்டமுங்க. நோட்டீஸ் இருக்கட்டுமுங்க" என்பார். டைப் அடித்த நோட்டீசை எங்கள் குமாஸ்தா அண்ணன் தூக்கி எறிய மாட்டார். போகாத நோட்டீஸ்களுக்கென்றே ஒரு கட்டு வைத்திருந்தார். நடக்கும் வழக்குகளின் கட்டுகளைவிட அது பருமன். சீனியர் இதையெல்லாம் தெரிந்து செய்தாரா, சோம்பலில் செய்தாரா என்பதைக் கடைசிவரை அவர் வாயிலிருந்து வாங்க முடியவில்லை.

பண வழக்கிலும் இதே கதைதான், வேறு வடிவில். அன்று கோர்ட் ஃபீ நூற்றுக்கு ஏழரை ரூபாய். லட்ச ரூபாய் வரவேண்டியவர் முதலில் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஸ்டாம்பு வாங்கி ஒட்ட வேண்டும். கோபத்துக்கு இவ்வளவு விலையா என்று பாதிப்பேர் வெளியே போய் டீ குடித்துவிட்டு யோசிப்பார்கள். சிலர் திரும்பி வருவதில்லை. 2017-ல் இதை மூன்று சதவீதமாகக் குறைத்தார்கள். ஏழைக்கு நீதி கிடைக்கச் செய்த நல்ல காரியம். டீக்கடைக்குத்தான் நஷ்டம்.

இன்று பட்டா, சிட்டா, புல வரைபடம் எல்லாம் அரசு இணையதளத்தில் இருக்கின்றன. வில்லங்கத்தைக் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். நோட்டீசுக்கு வார்ப்புரு தயாராக இருக்கிறது. பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றினால் போதும். மத்தியானம் ஃபியூசைப் பிடுங்கினால் சாயங்காலம் தம்பியின் வாட்ஸப்பில் நோட்டீஸ் நிற்கும். இரண்டு நீலக் கோடுகள், ஒப்புகை அட்டைக்குப் பதில். தபால் துறையும் கைவிட்டுவிட்டது: நூறு வருஷத்துக்கு மேலாக வக்கீல் நோட்டீஸ்களைச் சுமந்த பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். தம்பி என்ன செய்வான்? நோட்டீசைக் குடும்பக் குழுவில் போடுவான். துபாயில் இருக்கும் மச்சினன் அதற்கு ஒரு கருத்துச் சொல்வான். சொன்னபின் நோம்பிக்கு யார் வீட்டில் யார் சாப்பிடுவது? அம்மா பெட்டியைத் திறக்க வேண்டிய வேலையே இல்லாமல் போய்விட்டது.

வழக்குப் போட்ட பிறகு இதே வேகம் இருந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். எதிருரையை 30 நாளில், மிஞ்சினால் 90 நாளில் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2002 ஜூலை முதல் உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. உரிமையியல் வழக்குகளில் அதைக் கடந்து காலம் கேட்கும் மனுவுக்கு என் கணினியில் தனி வார்ப்புரு உண்டு. எதிர்த்தரப்பு வக்கீலிடமும் உண்டு. அன்று அடுத்த வாய்தா எப்போது என்று அறிய குமாஸ்தா அண்ணன் சாயங்காலம் பெஞ்ச் கிளார்க் முன்னால் பவ்யமாக நிற்க வேண்டும். இன்று பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணை அழுத்தினால் ஒரு நொடியில் செல்போன் சொல்லிவிடுகிறது, வழக்கு மூன்று மாதம் தள்ளிப்போயிருக்கிறது என்று. வழக்குக்கு முன்னால் கிடந்த தாமதத்தைக் கூட்டிப் பெருக்கி வழக்குக்குப் பின்னால் குவித்திருக்கிறோம். முன்னால் இருந்தபோது அது சம்பந்தியைப்போலச் சமாதானம் பேசியது. பின்னால் போனதும் பேட்டா வாங்குகிறது.

எங்கள் தொழிலுக்கு 1989 ஒரே வாரத்தில் இரண்டு வரம் கொடுத்த வருஷம். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் வெளியானது பிறகுதான் என்றாலும், அமலுக்கு வந்த நாளாக அதில் இருப்பது 1989 மார்ச் 25. அன்றுவரை கல்யாணம் ஆகாத மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு. செக் திரும்பினால் குற்றம் என்ற 138-வது பிரிவு நடைமுறைக்கு வந்தது ஏப்ரல் 1. தங்கைகளும் செக்குகளும் ஏழு நாள் இடைவெளியில் மாடியேறி வந்தார்கள்; இன்னும் இறங்கவில்லை.

அதற்கு முன் தங்கைகளை அண்ணன்மார்தான் அழைத்து வருவார்கள். விடுதலைப் பத்திரம் எழுத. அம்பாசடர் கார், புதுச் சேலை, கையில் கொஞ்சம் ரூபாய். சீர் சினத்தியெல்லாம் ஒரு குறையும் இல்லாமல் செய்தாயிற்று என்பதைச் சொல்ல ஒரு பெரியவர். சீனியர் அந்தப் பெண்ணை மட்டும் பார்த்து, "அம்மணி, இதுல என்ன எழுதியிருக்குதுன்னு தெரியுமா?" என்பார். "அண்ணன் சொன்னாச் சரியாத்தான் இருக்குமுங்க." அவர் இரண்டாம் தடவையும் கேட்பார். பதில் மாறாது. அவருடைய நேர்மை அதோடு முடிந்தது. பத்திரம் எழுதி முடித்தபின் அவரும்தான் ஃபீஸ் வாங்கினார்.

1989-க்குப் பிறகு கல்யாணப் பத்திரிகைகள் சான்றாவணங்களாயின. கல்யாணம் மார்ச் 25-க்கு முன்னாலா பின்னாலா என்பதுதான் வழக்கே. பங்குனி முகூர்த்தமா சித்திரை முகூர்த்தமா என்று ஒரு பழைய மஞ்சள் அட்டையை வைத்துக்கொண்டு சமையல்காரரைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். பல லட்சம் பெறுமான தோப்பு, பந்தியில் மாம்பழம் போட்டார்களா என்ற கேள்வியில் தொங்கியது. மத்திய அரசு 2005 செப்டம்பர் 9-ல் கொண்டுவந்த திருத்தம் கல்யாணமான மகள், ஆகாத மகள் என்ற பேதத்தை எடுத்துவிட்டது. அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று அப்புறம் பதினைந்து வருஷம் சண்டை. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில், அப்பா இருந்தாலும் இல்லாவிட்டாலும் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது.

சமீபத்தில் வந்த தங்கைக்கு அண்ணன் துணை தேவைப்படவில்லை. ஸ்கூட்டரில் தனியாக வந்தார். தீர்ப்பு செல்போனில் இருந்தது, முக்கியமான பத்திகள் மஞ்சள் பூசி. "2004 டிசம்பர் 20-க்கு முன்னாடியே பாகப் பிரிவினை ரெஜிஸ்டர் ஆயிருந்தாத்தானுங்க அவங்க தப்பிக்க முடியும்?" என்றார். சரியான கேள்வி; என் ஜூனியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படிப் பதிவு எதுவும் இல்லை. வழக்கு நன்றாக நிற்கும், இந்த வாரமே தாக்கல் செய்துவிடலாம் என்றேன்.

"இந்த வாரம் வேண்டாமுங்க. வர்ற மாசம் தம்பிக்குக் கல்யாணம். இணைச்சீர் நாந்தான் செய்யோணும். அது முடிஞ்சதும் போட்டுருங்க."

தம்பி இரண்டாம் பிரதிவாதி. கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளையோடு சகோதரி உட்கார்ந்து இணைச்சீர் செய்யாமல் தாலி கட்டும் வரை போக முடியாது. வாதி கூடையும் சேலையுமாக மணவறையில் உட்கார, பிரதிவாதி பக்கத்தில் உட்கார, அலமாரியில் பிராது கையெழுத்துக்குக் காத்திருந்தது.

செக் வழக்கில் இந்தக் கதையெல்லாம் செல்லாது. அன்று திருப்பூர்க்காரருக்கு நூல் கடன் கொடுத்தவர் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய புரோநோட்டைத்தான் நம்பினார். மூன்று வருஷக் காலாவதி நெருங்கும்போது பின்பக்கத்தில் பத்து ரூபாய் வரவு வைத்து, கையெழுத்து வாங்கி ஆயுளை நீட்டிப்பார். வாங்கியவரும் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். இன்று தேதி போடாத செக்கு. திரும்பினால் 30 நாளுக்குள் நோட்டீஸ் (2003 வரைக்கும் 15 நாள்தான்), பணம் கட்ட 15 நாள், அதற்கடுத்த ஒரு மாதத்தில் வழக்கு. வழக்குப் போடுவதில் ஒருநாள் பிசகினாலும் காலதாமத மன்னிப்பு மனுவோடு நிற்க வேண்டும். இத்தனை அவசரமாக ஓடிப் போய் வழக்கைக் கொடுத்தால், விசாரணையை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று 143-வது பிரிவு சொல்கிறது. முயல வேண்டும் என்றுதான் சொல்கிறது.

அட்வகேட் கமிஷனராகப் போவது ஜூனியர்களின் சுற்றுலா. தட வழக்குகள்தான் அதிகம். எங்கள் பக்கத்துப் பத்திரங்களில் சொத்து விவரத்தின் கடைசியில், மாமூல் வண்டித் தடத்தில் ஆள், ஏர், கால்நடை, வண்டி வாகனங்கள் போய்வரும் பாத்தியமும், கிணற்றில் இத்தனை பாகமும், அதில் பதித்த மின்மோட்டாரும் என்று ஒரு நீளமான வாக்கியம் இருக்கும். சண்டை முழுக்க அந்த வாக்கியத்தில்தான். பஸ்ஸில் போய் இறங்கி, இட்டேரியில் கிளுவை முள் கிழிக்க நடந்து, டேப்பைப் பிடித்து அளக்க வேண்டும். வாதி இளநீர் வெட்டித் தருவார். குடித்தால் பிரதிவாதி முகம் மாறும். ஆகவே பிரதிவாதி தோப்பு இளநீரும் குடிக்க வேண்டும். நடுநிலை என்பது அன்று இரண்டு இளநீர். வண்டிச் சோட்டின் ஆழத்தைப் பார்த்துத் தடம் எத்தனை வருஷம் பழையது என்று சொல்லும் கிழவர்கள் ஊருக்கு ஒருவர் இருந்தார்கள். இப்போது சாட்டிலைட் படத்தில் பழைய வருஷங்களைப் புரட்டினால் தடம் எப்போது வேலிக்குள் போனது என்று தெரிந்துவிடுகிறது. காடு சைட்டாகப் பிரிந்து, மாடு விற்றுப்போய், ஏர் காட்சிப் பொருளானபின்னும் பத்திரத்தில் ஆளும் ஏரும் கால்நடையும் அப்படியே நடந்துகொண்டிருக்கின்றன. அந்தப் பாத்தியத்தின் பேரில் இன்னோவா போகலாமா என்பது போன மாதம் நான் வாதாடிய விஷயம்.

அன்று இன்று என்ற வித்தியாசமே இல்லாத இனமும் ஒன்று உண்டு: பஸ் ஜப்தி. விபத்தில் செத்தவர் குடும்பத்துக்கு இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தொகை போட்டிருக்கும். அரசு பஸ் தரப்பு கட்டாது. வட்டி ஏறும். நிறைவேற்று மனு, ஜப்தி உத்தரவு, கையில் காகிதத்தோடு அமீனா காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பார். வரும் பஸ்களில் எது பார்க்க நன்றாக இருக்கிறதோ அதில் கை வைக்கச் சொல்வது வாதி தரப்புக் குமாஸ்தாவின் கைத்திறன். பயணிகள் இறங்க வேண்டும். டிரைவருக்கு ஒன்றும் வருத்தம் இருக்காது. அவருக்கு அன்று லீவு மாதிரி. ஒரு தடவை மூட்டையோடு இருந்த அம்மா மட்டும் இறங்க மறுத்துவிட்டார். "இது இப்ப எங்கீங்க போகுது?" "கோர்ட்டுக்கும்மா." "நானும் கலெக்டர் ஆபீசுக்குத்தானுங்க போகோணும்" என்று டிக்கெட்டைக் காட்டினார்.

காந்திபுரத்திலிருந்து கோர்ட்டுக்குப் போகும் நஞ்சப்பா ரோட்டில் மத்திய சிறை. சீனியரோடு அந்த மதிலோரம் போகும்போதெல்லாம் வ.உ.சி. பேச்சு வரும். 1908-ல் தண்டனை பெற்று இங்கே செக்கிழுத்தவரும் எங்கள் தொழில்காரர்தான். பறிபோன சன்னதைத் திரும்ப வாங்கிக்கொடுத்த வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதிக்கு நன்றியாக மகனுக்கு வாலேஸ்வரன் என்று பேர் வைத்தார். "மகனுக்குப் பேர் வைக்கிற அளவுக்கு ஒரு ஆர்டர் நமக்கு எந்த ஜட்ஜ்கிட்டக் கிடைக்குதுன்னு பார்க்கலாம்" என்பார் சீனியர். கிடைக்கவில்லை. அவர் மகனுக்குத் தாத்தா பேர்தான். சிறை நிலத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா.

2024 ஜூலை 1-ந் தேதி காலையில் எழுந்தபோது எனக்கு மனப்பாடமாக இருந்த பாதி எண்கள் செல்லாமல் போயிருந்தன. இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா. 420 இப்போது 318(4). ஊரில் ஒருவனை ஃபோர் ட்வென்டி என்று திட்டினால் புரியும். முந்நூற்றுப் பதினெட்டின் நாலாம் உட்பிரிவே என்று திட்டிப் பாருங்கள். இதைவிட வேடிக்கை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில். 144 போட்டார்கள் என்றால் ஐந்து பேர் கூடி நிற்கக் கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த அதிகாரம் புதிய சட்டத்தில் 163-க்குப் போய்விட்டது. காலியான 144-ல் வந்து உட்கார்ந்திருப்பது மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கான ஜீவனாம்சம். "அவர் மேல 144 போட்டுருக்குதுங்க" என்று சொன்னதும் கட்சிக்காரர் போலீஸ் வேன் எங்கே என்று எட்டிப் பார்த்தார்.

இப்போது கட்சிக்காரர்கள் நோட்டீசையே எழுதிக்கொண்டு வருகிறார்கள். அன்று ஊரில் சட்டம் தெரிந்த மாமா ஒருவர் கூட வருவார். நாங்கள் பேசுவதற்கு முன் அவர் பேசுவார். அந்த இடத்தில் சாட்ஜிபிடி. மாமாவாவது இல்லாத தீர்ப்பைச் சொல்ல மாட்டார். 2023-ல் நியூயார்க்கில் ஏவியான்கா விமான நிறுவனத்தின் மேல் நடந்த வழக்கில், இந்த யந்திரம் கற்பனை செய்த தீர்ப்புகளைக் கோர்ட்டில் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் போட்டார்கள். எங்கள் கட்சிக்காரர்களுக்கு வரும் பிரச்சினை வேறு. பங்காளி ஒருவர் கொண்டுவந்த யந்திர நோட்டீஸ், "மரியாதைக்குரிய ஐயா, தங்களின் மேலான கவனத்துக்கு" என்று ஆரம்பித்தது. சொந்த அண்ணனுக்கு எழுதியது! "இதை விட்டா எங்கண்ணன் அவமானத்துல என்ற மூஞ்சிலயே முழிக்க மாட்டானுங்க" என்றார். டேய் என்று கூப்பிட்டுச் சண்டை போட்டால் நாளைக்குச் சேர்ந்துகொள்ளலாம். ஐயா என்று எழுதிவிட்டால் அப்புறம் கோர்ட்தான் கதி.

ஆகவே நானும் காலத்துக்கு ஏற்றபடி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். செக் கேசில் இதைச் செய்வதில்லை. நாளைக்குக் காலையில் ஜேசிபி வந்து வேலியைப் பிடுங்கப்போகிறது என்றாலும் செய்வதில்லை. அதற்கு உறுத்துக் கட்டளை மனு அன்றைக்கே போகும். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று, காலக்கெடு கழுத்தைப் பிடிக்காத வழக்கு வந்தால் மட்டும், கொதிப்போடு உட்கார்ந்திருப்பவரிடம் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு சொல்கிறேன்: "சர்வர் டவுனுங்க."

மூலப் பத்திரம் வேண்டும் என்று சொன்னால், செல்போனில் எடுத்துக் காட்டிவிடுவார்கள். சர்வர் டவுன் என்றால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. ரேஷன் கடை முதல் சார்பதிவாளர் ஆபீஸ் வரை எல்லா இடத்திலும் கேட்டுப் பழகிய சொல். ஜூனியர் முதல் தடவை, "சார், சைட் ஓப்பன் ஆகுதே" என்று வாயெடுத்தார். "உங்க பக்கம் ஓப்பன் ஆகும். என் பக்கம் ஆகாது" என்றேன். அதன் பிறகு பழகிக்கொண்டார். இப்போது அவரே, "ஆமாங்க சார், எப்படியும் நாலஞ்சு நாள் ஆகும் போல" என்று சேர்த்துக்கொள்கிறார். அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்பதற்காக, கிணற்றுக்குப் பொது மோட்டார் வாங்கியபோது யார் எவ்வளவு போட்டார்கள் என்று அம்மாவிடம் கேட்டு எழுதிவரச் சொல்கிறேன். வழக்குக்கு அது அவசியமா என்று கேட்டால், இருந்தால் நல்லது.

போன வாரம் அப்படி அனுப்பிய ஒருவர் போன் செய்தார்.

"ஏனுங் வக்கீலய்யா, சர்வர் சரியாயிருச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்களே. அவசரமுங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் யாரோ மோட்டார் போடச் சொல்லிக் கத்துவது கேட்டது.

"இல்லீங், ஒண்ணும் அவசரமில்லீங். நோம்பி சாட்டியிருக்குதுங்க. அது சரியானாலும் நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க, அப்படியே கெடக்கட்டும்" என்றவர், "இதுக்கு ஃபீஸ் எவ்வளவுங்க?" என்று கேட்டார்.

மஞ்சள் வித்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"நாங்க மஞ்சள் போட்டே பத்து வருசம் ஆச்சுங்களே" என்றார்.